பூனைக்கு மெத்தையாடா?

அடுப்பில் பூனை தூங்குகிறது என்றால் அந்த வீட்டில் உலை வைக்க அரிசி இல்லை என்று பொருள். வறுமைக்குச் சொன்ன பேச்சுதான், ஆனால் முதலில் சொன்னவர் பூனையை நன்றாகப் பார்த்தவர். என் பாட்டி வீட்டில் மூன்று வேளையும் அடுப்பு எரியும். இரவு பால் காய்ச்சி இறக்கியதும், சாம்பல் வெதுவெதுப்பாக இருக்கும்போதே பூனை உள்ளே இறங்கிவிடும். விடிகாலையில் பாட்டி சுள்ளியோடு வந்தால், நீறு பூசிய சாமியார் மாதிரி எழுந்து, முதுகை வில்லாக வளைத்துச் சோம்பல் முறித்துவிட்டுப் போகும்.

எங்கள் வீட்டில் கேஸ் அடுப்பு. பூனைக்கு அதில் இடமில்லை. நாலு வருடம் முன்பு ஓர் ஐப்பசி அடைமழையில், எதிர்வீட்டுக் காரின் பானெட்டுக்குள்ளிருந்து உள்ளங்கை அளவில் எடுத்த குட்டி அது. அம்மா ‘கருப்பி’ என்றாள், அதுவே பெயராயிற்று.

கருப்பி நாளொன்றுக்கு 15 மணி நேரம் தூங்கும். பெரும்பாலும் செட்டாப் பாக்ஸின் மேல். வயிறு மட்டும்தான் பெட்டியில், மிச்ச உடம்பெல்லாம் வெளியே. செய்தி வாசிப்பவரின் மோவாய்க்குக் கீழே இரண்டு காதுகள் நீட்டிக்கொண்டிருக்கும். இஸ்திரிக்காரர் கொடுத்துவிட்டுப் போகும் சூடு ஆறாத துணிகளுக்கும் அதுவே முதல் சொந்தக்காரி.

இதற்கு ஒரு முடிவு கட்ட, போன தீபாவளிக்கு முன் 1,150 ரூபாய்க்கு ஒரு மெத்தை வரவழைத்தேன். ஓரம் உப்பி, நடுவில் குழிந்து, மெதுவடை மாதிரி இருந்தது.

“பூனைக்கு மெத்தையாடா? என் தலையணைக்கு உறை வாங்கச் சொல்லி ஆறு மாசமாச்சு” என்றாள் அம்மா.

ஹாலின் நடுவில், ஃபேனுக்கு நேர்கீழே வைத்தேன். கருப்பி வந்தது, சுற்றி முகர்ந்தது, மெத்தை வந்த அட்டைப்பெட்டிக்குள் ஏறிப் படுத்துக்கொண்டது. தூங்கும்போது தூக்கி மெத்தையில் விட்டேன். செய்திருக்கவே கூடாது. அன்றிலிருந்து தானாக அந்தப் பக்கம் அது போகவில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் குப்பைமேனி வேரைச் சொன்னார். அந்தச் செடிக்குப் பூனைவணங்கி என்றே ஒரு பெயர் உண்டு. பிடுங்கி வந்து மெத்தையில் போட்டேன். கருப்பி கன்னத்தைத் தேய்த்தது, புரண்டது, எச்சில் ஒழுக்கியது. பத்து நிமிட ஆட்டம் முடிந்ததும் எழுந்து போய் செட்டாப் பாக்ஸ் மேல் தூங்கியது. வணங்குவது வேறு, உறங்குவது வேறு போலிருக்கிறது.

தப்பு என்னுடையதுதான். நமக்கு உடம்பு 101 டிகிரி என்றால் மாத்திரை தேடுவோம். பூனைக்கு அது அன்றாடச் சூடு. சுற்றுவெப்பம் 30 டிகிரி செல்சியஸாவது இருந்தால்தான் உடற்சூட்டுக்கென்று தனியாகச் செலவழிக்காமல் அது நிம்மதியாகக் கிடக்கும். அதைப் போய் ஃபேனுக்கு அடியில் படுக்கச் சொன்னால்? (சித்திரை வெயிலில் கடப்பைக்கல்லுக்கு ஓடும், அது வேறு கதை.) அட்டைப்பெட்டி சூட்டையும் காக்கும், ஆளையும் மறைக்கும். நெதர்லாந்தில் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தார் காப்பகத்துக்குப் புதிதாக வந்த பூனைகளில் சிலவற்றுக்கு மட்டும் ஒளிந்துகொள்ளப் பெட்டி கொடுத்துப் பார்த்தார்கள். பெட்டி கிடைத்தவை சீக்கிரம் பதற்றம் தணிந்தன என்று 2014இல் எழுதியிருக்கிறார்கள். நான் வைத்ததோ நாலு பேர் நடக்கும் ஹாலின் நட்டநடுவில்.

“அது எங்க ஏறுதோ அங்க போடுடா” என்றாள் அம்மா. கருப்பி அடிக்கடி ஏறுவது பீரோவின் உச்சி. அங்கே ஒரு மூங்கில் கூடையை வைத்து, தான் உடுத்திய நூல்புடவையைத் துவைக்காமலே நாலாக மடித்துப் போடச் சொன்னாள். இரண்டாம் நாள் சாயங்காலம் கருப்பி கூடைக்குள் இறங்கி, சப்பாத்தி மாவு பிசைவது மாதிரி முன்னங்கால்களால் மிதி மிதியென்று மிதித்தது. பூனையின் உள்ளங்காலில் வாசனைச் சுரப்பிகள் உண்டு. மிதித்து மிதித்தே புடவையைத் தன்னுடையதாக்கிக்கொண்டு, சுருண்டு படுத்தது.

ஒரு வெள்ளிக்கிழமை என் மனைவி அந்தப் புடவையை வாஷிங் மெஷினில் போட்டுவிட்டாள். நாலு நாள் மறுபடியும் செட்டாப் பாக்ஸ். இப்போது இரண்டு துணி போட்டு, ஒன்றை மட்டும் துவைக்கிறோம். மெதுவடை மெத்தையை அம்மா மூட்டுவலிக்கு முழங்காலுக்கு அடியில் வைத்துக்கொள்கிறாள்.

ஐப்பசி பிறந்துவிட்டது. கூடையும் புடவையும் கிடைக்காத குட்டிகள் எல்லாத் தெருவிலும் இருக்கின்றன, எஞ்சின் சூடு அவற்றுக்கும் தெரியும். காலையில் காரை எடுக்கும் முன் பானெட்டை இரண்டு தட்டுத் தட்டி, ஒரு நிமிடம் பொறுத்துச் சாவியைத் திருகுங்கள்.