பூட்டி வைத்த சக்கரம்

(இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் துறை)

சைக்கிள் பந்தயம் ஓட்டுகிறவர்களிடையே ஒரு பழைய வழக்கு உண்டு. பந்தயத்துக்கென்று வாங்கிய நல்ல சக்கரத்தைப் பயிற்சிக்கும் போட்டு ஓட்டலாமா, இல்லை பந்தய நாள் வரை தொடாமல் வைக்க வேண்டுமா? கேட்பதற்குச் சின்ன விஷயம்தான். ஆனால் மேல்மலையனூரில் எங்கள் வீட்டில் இதற்காக மூன்று நாள் பேச்சு நடந்தது. ஏனென்றால் அந்தச் சக்கரம் அப்பாவின் வேர்க்கடலை அறுவடைக் கூலியில் வாங்கியது.

என்னிடம் இருப்பது 11-ஆம் வகுப்பில் அரசு கொடுத்த விலையில்லா சைக்கிள். பள்ளியில் படிக்கும்போது, அண்ணா பிறந்த நாளையொட்டி மாவட்டந்தோறும் நடக்கும் மிதிவண்டிப் போட்டியில் அதில்தான் ஓட்டினேன். 17 வயதுக்குட்பட்ட மாணவர்களுக்கு 20 கிலோமீட்டர். கியர் இல்லாத சாதாரண சைக்கிள் மட்டுமே அனுமதி. அதனால் அங்கே இந்தக் கேள்விக்கே இடமில்லை. பள்ளிக்கு ஓட்டுவதும் அதுவே, பந்தயத்துக்கு ஓட்டுவதும் அதுவே.

+2 முடித்து நேராக இரண்டாம் ஆண்டில் சேர்ந்த பிறகு, பொங்கலையொட்டிப் பக்கத்து ஊரில் நடக்கும் போட்டியில் கலந்துகொள்ள ஆசை வந்தது. அதில் எந்தச் சக்கரமும் போடலாம். பழைய சைக்கிள் கடையில் ஒரு ஜோடி அலாய் ரிம் சக்கரம், மெலிந்த டயரோடு கிடைத்தது. மளிகைக்கடைத் தராசில் வைத்துப் பார்த்தோம். என் இரும்புச் சக்கர ஜோடியைவிட ஒரு கிலோவுக்கு மேல் எடை குறைவு!

அப்பா அதைச் சாக்கில் சுற்றிப் பரணில் ஏற்றிவிட்டார். "வாங்கனது பந்தயத்துக்குடா. ரோட்ல ஓட்டி ஏன் தேய்க்கற? ஜல்லியில மோதி கோட்டம் ஆச்சின்னா மறுபடி யாரு வாங்கறது?" என்றார். அவர் பேச்சில் நியாயம் இல்லை என்று யார் சொல்ல முடியும்? அவர் நம் ஊர்த் தேரையும் சாட்சிக்குக் கூப்பிட்டார். அங்காளம்மனுக்கு மாசித் திருவிழாவின் ஏழாம் நாள் தேரோட்டம். ஒவ்வொரு வருடமும் பச்சை மரம் வெட்டித் தேரைப் புதிதாகக் கட்டுவார்கள். "தேரை தெனம் ஓட்டிப் பாத்தா கட்றாங்க? அன்னிக்கி ஒரு நாள் ஓடுது இல்ல?" என்பது அவர் கேள்வி.

நண்பர்களே, நாம் டிப்ளமோ படிக்கிறவர்கள். கேள்வியைக் கொஞ்சம் பட்டறைக் கண்ணோடும் பார்ப்போம்.

முதலில் பத்திரப்படுத்துகிற கட்சி. சக்கரத்தின் விளிம்பில் இருக்கிற எடை இரண்டு வேலை வாங்குகிறது. வண்டியோடு முன்னால் போக வேண்டும், தானும் சுற்ற வேண்டும். அதனால் வேகம் கூட்டும்போது விளிம்பில் ஒரு கிலோ குறைந்தால், வண்டியில் ஏறக்குறைய இரண்டு கிலோ குறைந்ததற்குச் சமம். நாம் படிக்கும் நிலைமத் திருப்புத்திறன் இதுதான். நானும் சைக்கிளும் சேர்ந்து 70 கிலோ என்றால் லாபம் மூன்று சதவீதத்துக்குள். அதுவும் புறப்படும்போதும் எட்டிப் பிடிக்கும்போதும்தான். சமதளத்தில் ஒரே வேகத்தில் போகும்போது பெரிய எதிரி காற்று. ஆகவே தினமும் கனமான சக்கரத்தில் பழகினாலும் காலுக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. மெல்லிய டயர் தேயாமல் மிஞ்சும்.

வெளிநாட்டிலும் இதே வழக்கம் இருந்திருக்கிறது. சுமார் 70, 80 வருடங்களுக்கு முன் இங்கிலாந்தில் கிளப் பந்தய வீரர்கள் சாதாரண சக்கரத்தில் சைக்கிள் மிதித்தே பந்தய இடத்துக்குப் போவார்கள். பந்தயச் சக்கரங்கள் இரண்டையும் முன் அச்சில் ஒரு தாங்கி வைத்துக் கட்டிக்கொண்டு போய், அங்கே மாற்றிக்கொள்வார்கள். அவர்களும் கூலி வேலை, தொழிற்சாலை வேலை பார்த்தவர்கள்தான். பொருளின் அருமை தெரிந்தவர்கள்.

இனி மறு கட்சி. சக்கரம் மாறினால் மாறுவது எடை மட்டும் இல்லை. ரிம் அளவு கொஞ்சம் மாறினால் பிரேக் கட்டையை இறக்க வேண்டும். இல்லையென்றால் கட்டை டயரை உரசும். புது ஃப்ரீவீல் மேல் தேய்ந்த பழைய செயினைப் போட்டால், அழுத்தி மிதிக்கும் நேரத்தில் பல் தாண்டும். புதிதாகக் கட்டிய சக்கரத்தில் போக்ஸ் கம்பிகள் சில நாள் ஓடிய பிறகுதான் இறுக்கம் படிந்து நிற்கும். அப்போது ஒருமுறை கோட்டம் எடுத்தாக வேண்டும். மெல்லிய டயருக்குக் காற்று அதிகம். மணலில் அது வழுக்குகிற விதம் வேறு, திருப்பத்தில் ஹேண்டில் திரும்புகிற விதம் வேறு. மழையில் அலாய் ரிம் பிரேக் பிடிக்கும் அளவுக்கு முலாம் பூசிய இரும்பு ரிம் பிடிக்காது. இத்தனையையும் பந்தயத்தன்று காலையில் கற்றுக்கொள்ள முடியுமா?

இந்த இடத்தில் கிரேம் ஓப்ரியின் கதையைச் சொல்ல வேண்டும். ஸ்காட்லாந்துக்காரர். வாஷிங் மெஷின் பேரிங்கையும் போட்டுத் தானே ஒரு சைக்கிள் செய்தவர். ஒரு மணி நேரத்தில் எவ்வளவு தூரம் என்பதில், இத்தாலியின் மோசர் 1984-ல் வைத்த 51.151 கிலோமீட்டர் சாதனையை முறியடிக்க 1993 ஜூலை 16 அன்று நார்வேயில் ஹமார் நகர அரங்கில் இறங்கினார். அன்று அவர் ஓட்டியது, தன் சைக்கிளைப் பார்த்து வேறொருவர் நேர்த்தியாகச் செய்து கொடுத்த புது சைக்கிள். தோற்றுப்போனார். மறுநாளே தன் பழைய சைக்கிளில் ஏறி 51.596 கிலோமீட்டர் ஓட்டிச் சாதனை படைத்தார்! ஆறே நாளில் கிறிஸ் போர்ட்மேன் 52.270 ஓட்டி அதை முறியடித்தது வேறு கதை. முதல் நாள் தோல்விக்கு சைக்கிள் மட்டுமே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் உடம்புக்குப் பழகிய பொருளுக்கு ஒரு பலம் உண்டு என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

எங்கள் வீட்டில் இந்தக் கதை எடுபடவில்லை. வழக்கை முடித்து வைத்தது அம்மா. "என் கல்யாணப் புடவைய நல்ல நாளுக்கு, நல்ல நாளுக்குன்னு பொட்டியிலயே வெச்சிருந்தேன். எடுத்துப் பாத்தா மடிப்பு மடிப்பா கிழிஞ்சி கெடக்குது. கட்டிக் கிழிஞ்சிருந்தாலும் மனசு ஆறும் கண்ணு" என்றார். அப்பா ஒன்றும் பேசவில்லை. மறுநாள் விடியற்காலையில் சக்கரம் பரணிலிருந்து இறங்கித் திண்ணையில் இருந்தது.

தேருக்கும் எனக்குப் பதில் கிடைத்தது. தேர் புதிது, உண்மை. ஆனால் அதைக் கட்டுகிற கை புதிது இல்லை. சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறவர் எத்தனை வருடம் போட்டவர்! அந்தக் கை பழகியிருப்பதால்தான் புதுத் தேர் ஒழுங்காக நிலைக்கு வந்து சேர்கிறது.

கடைசியில் நான் செய்த ஏற்பாடு இது. தினப் பயிற்சி எல்லாம் பழைய இரும்புச் சக்கரத்தில். வாரத்தில் ஒரு நாள், வளத்தி சாலையில் நல்ல பகுதியாகப் பார்த்துப் பந்தயச் சக்கரத்தில். கடைசி வாரம் முழுக்க அதே சக்கரம், அதே செயின், அதே காற்று அளவு. போட்டியில் ஏழாவதாக வந்தேன். சக்கரத்தின் மேல் ஒரு குறையும் இல்லை. முன்னால் போன ஆறு பேருக்கும் என்னைவிடக் காலில் பலம் அதிகம், அவ்வளவுதான்.

நண்பர்களே, நான் எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படிக்க வந்தவன். உங்களில் பலரும் அப்படித்தான். நம் வீடுகளில் நல்ல பொருள் எதுவும் சுலபமாக வருவதில்லை. அதனால் வந்ததைப் பூட்டி வைப்பது நம் ரத்தத்தில் ஊறியது. அது குற்றம் இல்லை. ஆனால் சைக்கிளோடு இது நிற்பதில்லை. கேம்பஸ் இன்டர்வியூ அன்றைக்கென்று வாங்கிய ஷூவை அன்றுதான் முதன்முதலாகப் போடுகிறோம். குதிகால் கடிக்கிற வேதனையில் பாதி பதில் மறந்துவிடுகிறது. இங்கிலீஷையும் அந்த ஒரு நாளுக்கென்றே வாய்க்குள் பூட்டி வைத்திருக்கிறோம். அன்று வாயைத் திறந்தால் செயின் பல் தாண்டுகிறது!

ஷூவை ஒரு வாரம் முன்னால் ஹாஸ்டல் வராந்தாவில் போட்டு நடங்கள். பார்க்கிறவன் சிரிக்கட்டும். இங்கிலீஷைக் கேன்டீனில் தப்பும் தவறுமாகப் பேசுங்கள். சக்கரம் கொஞ்சம் தேயும்தான். ஓடுவதற்கென்றே செய்த பொருள் ஓடித் தேய்வதில் நஷ்டம் என்ன இருக்கிறது?