சுமையின் சாட்சி

சேலம், நாமக்கல் வட்டாரத்தில் ஜவ்வரிசிக்கு 90 கிலோ மூட்டைக் கணக்கில் விலை பேசும் வழக்கத்தை நீங்கள் அறிவீர்கள். அம்மூட்டையைச் சுமக்கும் முதுகை எண்ணிப் பார்த்ததுண்டா? ஆண் தொழிலாளி ஒருவர் சுமக்கும் எடையை 55 கிலோவுக்குள் கொண்டுவர வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-லேயே பரிந்துரைத்தது.

என் அத்தா முப்பது ஆண்டுகள் மூட்டை தூக்கியவர். "மேலுக்கு எப்படி இருக்கிறது அத்தா?" என்றால், "வேலைதானேம்மா" என்பார். கூலிச் சீட்டில் மூட்டைகளின் எண்ணிக்கை இருந்தது. அவருடைய களைப்புக்குச் சாட்சி இல்லை.

அந்தச் சாட்சியை இன்று உடலிலேயே அணியலாம். அமெரிக்க அறிஞர் நார்மன் ஹோல்ட்டர் 1940-களின் இறுதியில் உருவாக்கிய முதல் இதயத்துடிப்புக் கருவி சுமார் 38 கிலோ. அதையே முதுகில் சுமக்க வேண்டியிருந்தது! இன்றோ மார்பில் கட்டும் ஒரு பட்டை, பணிநேரம் முழுவதும் துடிப்பைப் பதிவு செய்கிறது. நிமிடத்திற்கு 100 துடிப்பு வரை இலேசான வேலை. 125 வரை நடுத்தரம். 150 வரை கடினம். அதற்கு மேல் மிகக் கடினம் என்பது உடலியல் அறிஞர்களின் பொதுவான வரையறை. வயதும் உடல்நலமும் இக்கணக்கை மாற்றும், வெயிலும் மாற்றும். உடலைக் குளிர்விக்கத் தோலுக்கும் இரத்தம் அனுப்ப வேண்டியிருப்பதால், தைமாதத்தில் தூக்கிய அதே மூட்டை சித்திரையில் இதயத்திற்குக் கூடுதல் பாரமாகிறது.

கருவி இல்லாதோர்க்கும் வழியுண்டு. வேலையை நிறுத்தி அமர்ந்ததும் முதல் நிமிடத்திலும் மூன்றாம் நிமிடத்திலும், கடைசி 30 விநாடிகள் நாடியை எண்ணி இரட்டியுங்கள். முதல் எண் 110-ஐத் தாண்டாமலும், மூன்றாம் நிமிடத்தில் குறைந்தது 10 தணிந்தும் இருந்தால், உழைப்பு அளவோடு உள்ளது என்பது லூசியன் புரூஹா என்னும் அறிஞர் வகுத்த முறை.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. இவ்வெண்கள் முதலாளியின் கையில் மட்டும் இருந்தால், சற்று இளைப்பாறுபவரைக் காட்டிக்கொடுக்கும் ஒற்றனாகிவிடும். உழைப்பவர் கையிலும் இருந்தால்தான் நிழலும் நீரும் ஓய்வும் கேட்பதற்கு ஆதாரமாகும்.

ஆலையோ, மண்டியோ, கடையோ நடத்தும் வாசகர்களே! மூட்டைகளை எண்ணும்போது, அவற்றைத் தூக்கியவரின் நாடியையும் கணக்கில் சேருங்கள். மூட்டையின் எடையைக் குறைப்பது உங்களால் இயலும் காரியமே.