பால்வெள்ளை, ரோஸ் மூக்கு

காது கேட்காத ஒரு நாயை, சொன்ன பேச்சு கேட்கவில்லை என்று ஆறு மாதம் அடித்திருக்கிறேன். இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும். மற்றதை முதலில் சொன்னால் நான் கொஞ்சம் வேடிக்கையான ஆளாகத் தெரிவேன், சிரித்துக்கொண்டே மன்னித்துவிடுவீர்கள்.

2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் கூட்டம் கூடியபோது நானும் போனேன். பகலில் கிண்டியில் ஆபீஸ், ராத்திரியில் கடற்கரை. அந்த நாலு ராத்திரிகளைப் பற்றி எனக்கு இன்றும் வருத்தமில்லை. அதற்குப் பிறகு நான் ஆன ஆள்தான் பிரச்சினை. வீட்டில் கூல்டிரிங்ஸ் நின்றது. செக்கு எண்ணெய் வந்தது. வாட்ஸ்அப் முகப்பில் காங்கேயம் காளை ஏறியது. காளையை மாடியில் கட்ட முடியாது என்பதால், ஒரு நாட்டு நாய் வேண்டும் என்று தோன்றியது.

வீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மடிப்பாக்கத்தில் இரண்டாம் மாடி, 820 சதுர அடி, லிஃப்ட் கிடையாது. அம்மாவுக்கு 74 வயது, இரண்டு முட்டியும் தேய்ந்துபோனவள். மனைவி பள்ளிக்கூடத்து ஆசிரியை. மகள் மூன்றாம் வகுப்பு. காலை எட்டரையிலிருந்து மாலை நாலரை வரை வீட்டில் அம்மா மட்டும்தான். இதை ஒரு தாளில் எழுதிப் பார்த்திருந்தால், எந்த நாய் சரிப்படும், எது சரிப்படாது என்று அந்தத் தாளே சொல்லியிருக்கும். நான் எழுதியதெல்லாம் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில்தான். சிப்பிப்பாறையும் கன்னியும் முயல் விரட்ட, கோம்பை காவலுக்கு, ராஜபாளையம் காட்டுப்பன்றி வேட்டைக்கு. 2005-ல் அஞ்சல் துறை நாலு இந்திய நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டது, முதோல், ராம்பூர், இமயமலை ஆட்டு நாய் ஆகியவற்றோடு நம்ம ராஜபாளையமும் அதில் உண்டு என்று ஒரு பதிவு. கீழ்வீட்டில் ஓய்வுபெற்ற வங்கிக்காரர் ஒருவர் லேப்ரடார் வைத்திருந்தார். கனடாப் பக்கத்துத் தீவில் பனித் தண்ணீரில் வலை இழுத்த நாய் அது, அதை இந்த வெயிலில் வைத்து வதைக்கலாமா என்று அவருக்குக் குத்துகிற மாதிரி இன்னொரு பதிவு. அவர் காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் அந்த நாயை நடத்துவார். மத்தியானம் அது அவர் காலடியில் கொட்டாவி விட்டுக்கொண்டு கிடக்கும். காட்டுப்பன்றியைத் துரத்தப் பிறந்த நாயை 820 சதுர அடியில் வைக்கலாமா என்று அவர் என்னைத் திருப்பிக் கேட்கவில்லை. மரியாதையான மனிதர்.

என் மனைவி கேட்டது வேறு நாய். மாடிப்படிக்குக் கீழே, ஸ்கூட்டர்களுக்கு நடுவில், தெரு நாய் ஒன்று குட்டி போட்டிருந்தது. அதில் ஒரு செம்பட்டைக் குட்டி இவள் பின்னாலேயே முதல் மாடிவரை ஏறி வந்து, அதற்கு மேல் ஏறத் தெரியாமல் உட்கார்ந்து முனகும். அம்மா படியிறங்கும்போது ஓரமாக ஒதுங்கி வழிவிடும்.

"இதையே வச்சுக்கலாங்க. அத்தைகிட்ட இப்பவே ஒட்டிக்கிச்சு" என்றாள்.

"தெரு நாயையா?" என்றேன்.

தலைமுறை தலைமுறையாக இந்த வெயிலில் பிறந்து, நம் மிச்சத்தைத் தின்று, நம் வாசலில் படுத்துக் கிடக்கும் அதைவிட நாட்டு நாய் எது? மெரினாவில் தொண்டை கிழியக் கத்தியவனுக்கு அது உறைக்கவில்லை. நம் ஊரில் 'ஜாதி நாய்' என்றுதான் சொல்வார்கள். அந்தச் சொல்லைச் சொல்ல எனக்குக் கூச்சம். 'நாட்டு இனம்' என்று மாற்றிச் சொல்லிக்கொண்டேன். ஆசை பழைய ஆசைதான்.

மார்ச்சில் பொதிகை எக்ஸ்பிரஸ் பிடித்து ராஜபாளையம் போனேன். ஊருக்கு வெளியே ஒரு தோட்டம், ஓலைக் கொட்டகை, ஆறு குட்டிகள். வளர்ப்பவர் அலுமினியத் தட்டைக் கரண்டியால் தட்டினார். ஐந்து குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து ஓடி வந்தன. ஆறாவது சாக்கின் மேல் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தது. பால்வெள்ளை. மூக்கு ரோஸ். ராஜபாளையத்துக்கு இதுதான் லட்சணம் என்று படித்துவிட்டுப் போயிருந்தேன்.

"சிங்கக்குட்டி மாதிரி தூங்குது பாருங்க" என்றேன். சொன்னது நான், விற்பவர் அல்ல. அவர் வேறொன்றைக் காட்டினார். "மூக்கு கறுப்படிச்ச குட்டி ஒண்ணு இருக்கு சார். நல்லா சூட்டிகையா இருக்கும். வெலையும் கம்மி." வேண்டாம் என்றேன். கறுப்பு மூக்கோடு யார் போட்டோ போடுவது?

குட்டிக்கு அன்று 42 நாள். எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்ற மத்திய அரசு விதி அந்த வருஷம் மே மாதம்தான் வந்தது. முன்பே வந்திருந்தாலும் நான் அதைப் படித்திருக்க மாட்டேன். தபால்தலைச் செய்திதான் படிப்பேன்.

'வேங்கை' என்று பெயர் வைத்தேன். மகள் வாயில் அது ஒரே வாரத்தில் 'வெங்கி' ஆனது.

ஜூனில் அது முழங்காலுக்கு மேல் வளர்ந்திருந்தது. என்னால் முடிந்தது ஆபீஸ் விட்டு வந்தபின் கால் மணி நேர நடை. அதிலும் பாதி நேரம் போன். மீதி நாள் முழுக்க அது ஹாலுக்கும் பால்கனிக்கும் நடந்தது. சோபாவின் கையைத் தின்றது. அம்மாவின் வாக்கிங் ஸ்டிக்கைக் கடித்து நார்நாராக்கியது. ஓட வேண்டிய காலை அடைத்து வைத்தால் வாய் ஓடும். அதுகூட எனக்குக் கோபமில்லை. கூப்பிட்டால் வராததுதான் கோபம்.

முன்னால் நின்று கூப்பிட்டால் வரும். முகத்தையே பார்க்கும், கண்ணை எடுக்காது. "முறைக்கிறான் பார்" என்பேன். கொஞ்சம் திமிர் இருந்தால்தான் வேட்டை நாய் என்று ஒரு பக்கம் பெருமை. பின்னால் நின்று கூப்பிட்டால் அசையாது. அதற்குத்தான் அடி. முதலில் சுருட்டிய செய்தித்தாள், பிறகு ரப்பர் செருப்பு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் காக்கை போட்டுவிட்டுப் போன எதையோ அது நக்கிக்கொண்டிருந்தது. படிக்கட்டு வாசலில் நின்று கூப்பிட்டேன். மறுபடி கூப்பிட்டேன். மூன்றாம் முறை எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்க்கிற அளவு கத்தினேன். அவர் பார்த்ததுதான் என்னை மேலும் கிளப்பியது. செருப்பைக் கழற்றிக்கொண்டு போய் முதுகில் இரண்டு போட்டேன். துள்ளி விழுந்து திரும்பியது. என்னைப் பார்த்ததும் வாலாட்டியது. அடித்தது நான்தான் என்று அதற்குத் தெரியவில்லை என்று இப்போது நினைக்கிறேன். அப்போது, 'இப்பத்தான் பயம் வந்திருக்கு' என்று நினைத்தேன்.

எட்டு வயது மகள் ஜூலையிலேயே சொன்னாள். "அப்பா, பின்னாடி நின்னு கூப்பிட்டா வெங்கிக்குத் தெரியல. முன்னாடி போய்க் கை காட்டு, வருவான்." நீ செல்லம் கொடுத்துக் கெடுக்கிறாய் என்றேன்.

அந்த வருஷத் தீபாவளி அக்டோபர் 18. கீழ்வீட்டு லேப்ரடார் பாத்ரூமுக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. தெரு நாய்கள் காருக்கடியில். நேர்கீழே யாரோ பத்தாயிரம் வாலா வைத்தார்கள். பால்கனிக் கண்ணாடி அதிர்ந்தது. வேங்கை பால்கனியில் உட்கார்ந்து முன்னங்காலை நக்கிக்கொண்டிருந்தது. வீடியோ எடுத்தேன். 'சீமை நாய் குளியலறையில், நாட்டு நாய் போர்க்களத்தில்' என்று எழுதி எல்லாக் குழுக்களிலும் போட்டேன். நான் எழுதிய எதற்கும் அவ்வளவு கைதட்டல் வந்ததில்லை.

நவம்பரில் ஒரு மத்தியானம் அது கூடத்தில் தூங்கிக்கொண்டிருந்தது. அம்மா பின்பக்கமாக வந்து, வழியில் கிடக்கிறதே என்று முதுகைத் தொட்டிருக்கிறாள். பதறி எழுந்த வேகத்தில் அவள் மணிக்கட்டைக் கவ்விவிட்டது. உடனே விட்டும்விட்டது. இரண்டு பல் பதிந்து ரத்தம். நாய்க்குத் தடுப்பூசி போட்டிருந்தும் அம்மாவுக்கு நாலு தவணை ஊசி; ஒவ்வொரு தவணைக்கும் அந்த முட்டியோடு இரண்டு மாடி இறங்கி ஏறினாள்.

"அது வேணும்னு கடிக்கலடா, திடுக்கிட்டுப் போச்சு" என்றுதான் டாக்டரிடமும் சொன்னாள்.

கால்நடை மருத்துவரிடம் "வெறி பிடித்துவிட்டதா பாருங்கள்" என்று கேட்டேன். அவர் நாயைத் தரையில் உட்கார வைத்து, என்னை முன்னால் நின்று அதன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னார். பின்னால் போய்ச் சாவிக்கொத்தைக் குலுக்கினார். பிறகு ஒரு எஃகுத் தட்டைத் தரையில் போட்டார். நான் துள்ளினேன். வேங்கை என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

உள்காதில் நிறமிச் செல்கள் இருந்தால்தான் ஒலியை வாங்கும் மயிர்ச் செல்கள் உயிரோடு இருக்கும் என்று அவர் விளக்கினார். முழு வெள்ளையாகப் பிறக்கும் குட்டிகள் சிலவற்றில் அந்த நிறமி உள்ளே போய்ச் சேருவதில்லை. பிறந்த சில வாரங்களிலேயே காது செத்துவிடும். டால்மேஷியனில் இருப்பதுதான், ராஜபாளையம் வளர்ப்பவர்களும் அறிந்த சங்கதிதான். மூளைக்கு ஒலி போகிறதா என்று கருவி வைத்துப் பார்க்கும் சோதனை உண்டு. இதற்கு அதுகூட வேண்டாம் என்றார். எந்த வெள்ளைக்காக நான் ராத்திரி முழுக்க ரயிலில் போனேனோ, அந்த வெள்ளை காதுக்குள்ளும் இருந்திருக்கிறது. தட்டுச் சத்தத்துக்கு எழாத குட்டியை நானே பொறுக்கி எடுத்து வந்திருக்கிறேன்.

"இத்தனை மாசம் எப்படி சார் கூப்பிட்டுக்கிட்டு இருந்தீங்க?" என்று கேட்டார்.

"கை காட்டி" என்றேன். மகளுடைய பதிலைத் திருடிச் சொன்னேன்.

செவிட்டு நாயை வளர்க்க முடியாது என்றில்லை. கைச்சைகை பழக்கலாம், தரையைக் காலால் தட்டி எழுப்பலாம், வெளியே வார் இல்லாமல் விடக் கூடாது. மனைவியும் மகளும் பத்தே நாளில் வா, உட்கார், போதும் என்று மூன்று சைகை பழக்கிவிட்டார்கள். வைத்துக்கொள்ளலாம் என்றாள் அம்மாவும். கடிபட்டவள் அவள். நான்தான் முடியாது என்றேன். அம்மாவின் பாதுகாப்பு என்று காரணம் சொன்னேன். அதில் பாதி உண்மை. மீதிப் பாதி, அந்த வீடியோவுக்குப் பிறகு ஒரு செவிட்டு நாயைப் பிடித்துக்கொண்டு கீழ்வீட்டுக்காரர் முன்னால் படியிறங்க வெட்கமாக இருந்தது.

ஆபீஸ் நண்பர் ஒருவர் மூலமாக, ராஜபாளையத்தை அடுத்த சேத்தூர்ப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் ஓர் அண்ணாச்சி கிடைத்தார். காவலுக்கு நாய் தேடிக்கொண்டிருந்தார். 2018 பொங்கலுக்கு முந்தின வாரம் வாடகைக் காரில் கொண்டுபோய் விட்டேன். தோப்பு பெரிது. அவிழ்த்துவிட்டதும் வரப்போரம் அது ஓடிய ஓட்டத்தை அதற்கு முன் நான் பார்த்ததே இல்லை. பத்து மாதம் என் ஹாலில் நடந்துகொண்டிருந்தது அந்த ஓட்டம்தான்.

"ஆள் எப்படி சார்?" என்று கேட்டார் அண்ணாச்சி.

"கொஞ்சம் பிடிவாதக்காரன் அண்ணாச்சி. பழகினா சரியாயிரும்" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். காது கேட்காது என்று சொல்லிவிட்டாயா என்று மனைவி போனில் கேட்டாள். சொல்லிவிட்டேன் என்றேன்.

மூன்றாம் நாள் அண்ணாச்சி கூப்பிட்டார். தேங்காய் ஏற்ற டிராக்டர் பின்னால் வந்திருக்கிறது. டிரைவர் ஹாரன் அடித்திருக்கிறான், அங்கே நின்றவர்கள் கத்தியிருக்கிறார்கள். நாய் திரும்பவேயில்லை. பின்னங்கால் ஒன்று டிரெய்லர் சக்கரத்தில் மாட்டிக்கொண்டது.

"காது கேக்காதா சார் இதுக்கு?"

கேட்காது என்றேன்.

"மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல."

"சொன்னா வேண்டாம்னுருவீங்கன்னு..."

"வாங்கியிருப்பேன் சார்" என்றார். குரலை உயர்த்தவில்லை. "வண்டி பின்னாடி எடுக்கையில ஒருத்தன எறக்கி விட்டுப் பாக்கச் சொல்லியிருப்பேன். அம்புட்டுதான்."

பணம் அனுப்பினேன். வைத்தியச் சீட்டு, மருந்துக் கடை ரசீது எல்லாவற்றையும் போட்டோ எடுத்து அனுப்பினார். மிச்சம் 640 ரூபாயையும் திருப்பி அனுப்பினார். அந்த ரசீதுகள் மூலம்தான் நான் சொன்ன பொய் மனைவிக்குத் தெரிந்தது. அவள் சண்டை போடவில்லை. படிக்கட்டுக்குக் கீழே போய், அதற்குள் வளர்ந்துவிட்டிருந்த செம்பட்டையைக் கழுத்தில் ஒரு கயிறு போட்டு மாடிக்கு அழைத்து வந்தாள். என்னிடம் கேட்கவில்லை, பெயரும் அவளே வைத்தாள். அம்மா இருந்தவரை அது அவள் கட்டிலடியில்தான் படுத்தது.

வேங்கைக்குக் கால் வளைந்து சேர்ந்துவிட்டது. தோப்பில்தான் இருக்கிறது. நான் போய்ப் பார்க்கவில்லை. இரண்டு முறை பொதிகையில் டிக்கெட் போட்டு, இரண்டு முறையும் ரத்து செய்தேன்.

அந்த வீடியோ மட்டும் இன்னும் சுற்றுகிறது. போன தீபாவளிக்கும் யாரோ அதைக் குடியிருப்புக் குழுவில் மறுபடி போட்டு, 'நம்ம வேங்கையின் வீரம்' என்று எழுதினார்கள். நான் ஒரு கும்பிடு பொம்மை அனுப்பினேன்.