நமக்கும் உண்டு இலையுதிர்காலம்

இலையுதிர்காலம் என்றதும் நம் கண்முன் வருவது ஜப்பானும் கொரியாவும்தான். சிவந்த இலைகளுக்கு நடுவே படம் எடுக்க டிக்கெட் போட்டுப் பறக்கிறோம். ஆனால், மலாக்காவில் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த யாரையாவது கேட்டுப் பாருங்கள். "அதான் பால்மரம் இலை கொட்டுமே!" என்பார்கள்.

தைப்பூசக் காவடிகள் இறங்கும் வேளையில் தொடங்கி மார்ச் வரை, பால்மரங்கள் மஞ்சளாகி, செம்புநிறமாகி, மொட்டையாக நிற்கும். பிரேசிலைச் சேர்ந்த மரம் அது. 1877இல் 22 நாற்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. 1896இல் டான் சே யான் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் 40 ஏக்கரில் நட்டதுதான் மலாயாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டம். ஊர் மாறினாலும், வறண்ட மாதங்களில் இலையைக் கழற்றிப் போடும் பழக்கத்தை மரம் விடவில்லை.

ஜாசின் பக்கம் என் அத்தை வீட்டுக் கொல்லையில் இன்னும் இரண்டு பால்மரங்கள் நிற்கின்றன. பக்கத்திலேயே முருங்கை, கறிவேப்பிலை, ஒரு நெல்லி. மலாக்காவுக்குப் பெயர் கொடுத்ததாகப் பரமேஸ்வரா கதையில் வருகிறதே, அதே நெல்லிதான். பிப்ரவரியில் அங்கே போனால் காலடியில் இலைகள் சரசரக்கும். மரம் மொட்டையானதால் மறைவிடமே கிடையாது. மைனா, கொண்டைக்குருவி, மரங்கொத்தி எல்லாவற்றையும் நாற்காலியில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். நம் ஊர் அணிலையும் கவனியுங்கள். ராமர் தடவிய மூன்று கோடு முதுகில் இருக்காது. வயிறு செம்பழுப்பாக இருக்கும்.

இரண்டு மூன்று வாரத்தில் செம்புநிறக் கொழுந்து வரும். பால்மர இலையில் மூன்று இதழ்கள் சேரும் இடத்தில், காம்பில் தேன் சுரக்கும். பூ வருவதற்குள்ளேயே தேனீயும் எறும்பும் வந்துவிடும்.

இந்த அழகு அத்தைக்கு வேறு கணக்கு. முப்பது ஆண்டுகளுக்கு மேல் மரம் வெட்டியவர்.

"இலை கொட்டினா பால் எறங்காதுடா தம்பி. மங்குல பாதிகூட நிக்காது. பிள்ளைங்களுக்குப் பள்ளிக்கூடம் தொறந்த செலவு ஒரு பக்கம். கடைக்காரர் கணக்குப் புத்தகம் மட்டும் நீளமாயிக்கிட்டே போகும். கொழுந்து எப்ப முத்தும்னு அண்ணாந்து பார்த்தே கழுத்து வலிக்கும்."

நாம் படம் எடுக்கும் பருவம், அவர்களுக்கு அரை வயிற்றுப் பருவம்.

அந்த இரண்டு மரங்களையும் வெட்டிவிட வேண்டும் என்கிறார் அத்தை மகன். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பால்மரக் கிளை காற்றில் சுலபமாக முறியும், கூரைக்கு ஆபத்து. "இத்தனை வருஷம் ஒங்கள வாட்டுன மரம்தானே, ஏம்மா விடமாட்டேங்கறீங்க?" என்று கேட்டார். அத்தை குப்பையைக் கூட்டிக்கொண்டே சொன்னார்: "வாட்டுனதும் அதுதான், ஒன்னய படிக்க வச்சதும் அதுதான்." கடைசியில் கூரைப் பக்கக் கிளைகளை மட்டும் கழித்துவிடுவது என்று முடிவாயிற்று. மரங்கள் இப்போதைக்குத் தப்பின.

சுற்றியிருந்த பால்மரக்காடு தப்பவில்லை. வழியெல்லாம் செம்பனையும் தாமான் வீடுகளும்தான். செம்பனை ஆண்டு முழுவதும் ஒரே பச்சை. பால்மரம் போகும்போது, நம் பிள்ளைகளிடமிருந்து ஒரு பருவமே போய்விடுகிறது.

அதனால், இருக்கும்போதே காட்டிவிடுங்கள். பிப்ரவரியில் ஜாசின், அலோர் காஜா பக்கம் காரை ஓட்டினால் சிறுதோட்டங்களில் சிவந்த மரங்கள் தென்படும். மார்ச் மாதமானால் தஞ்சோங் துவானுக்கும் போகலாம். போர்ட்டிக்சனை ஒட்டி இருந்தாலும் அது மலாக்கா மாநிலத்து மண். சுமத்ராவிலிருந்து நீரிணையைக் கடந்து வடக்கே திரும்பும் தேன்பருந்துகள் அங்கேதான் கரை ஏறும். வெயில் ஏறிய பிறகு போனால், கலங்கரை விளக்கத்தின் அருகே தலைக்கு மேலேயே வட்டமிடும்.

போகும்போது தோட்டத்தில் வாழ்ந்த பெரியவர் ஒருவரையும் காரில் ஏற்றிக்கொள்ளுங்கள். பறவையின் பெயரை நாம் சொல்லலாம். மரத்தின் கதையை அவர்கள்தான் சொல்ல முடியும்.