எஞ்சின் மாற்றுவதற்கு எந்தக் கார்?

மோட்டார்க் காரின் எஞ்சினைக் கழற்றிவிட்டு அதனிலும் வலுவான ஒன்றைப் பூட்டுவது மேலைநாடுகளில் வசதியுள்ளோரின் பொழுதுபோக்கு. எமது குடாநாட்டிலோ அது ஒரு காலத்தில் பிழைப்பதற்கான வழியாக இருந்தது. இரண்டையும் செய்யும் கைகள் ஒன்றாக இருக்கலாம், நோக்கங்கள் ஒன்றல்ல. பழைய காரொன்றைத் தெரிவு செய்யப் புறப்படுபவர் இந்த வேறுபாட்டை முதலில் மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது.

ரொறன்ரோவில் வளர்ந்த என் தங்கையின் மகன் ஓராண்டு இங்கே தங்கியிருக்கும் எண்ணத்துடன் வந்திருக்கிறார். பின்சக்கரங்களால் உந்தப்படும் பாரம் குறைந்த காரொன்றை வாங்கி, அதில் வேறு எஞ்சின் பூட்டி, விளையாட்டுக் கார் போல ஓட்டவேண்டும் என்பது அவரது நெடுநாள் ஆசை. “மாமா, எந்தக் காரை எடுக்கலாம்?” என்று அவர் கேட்டதன் விளைவே இக்கட்டுரை.

இந்தக் கலைக்கு உலகம் அறிந்த உதாரணம் ஏ.சி. கோப்ரா. 1962ஆம் ஆண்டில் கரோல் ஷெல்பி என்ற அமெரிக்கர், ‘ஏஸ்’ எனப்பட்ட சிறிய ஆங்கிலேயக் காரினுள் ஃபோர்ட் நிறுவனத்தின் எட்டுச் சிலிண்டர் எஞ்சினைப் பூட்டுவித்தார். இன்று அந்த இடத்தைப் பெரும்பாலும் பிடித்திருப்பது 1989இல் வெளிவந்த மஸ்டா எம்.எக்ஸ்.-5. ஆயின், 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்குத் திறந்துவிடப்பட்ட நாடு இது. வரியையும் சேர்த்துப் பார்த்தால் மஸ்டாவை மறந்துவிடுவதே விவேகம். எஞ்சுபவை எமது வளவுகளில் நிற்கும் பழைய ஆங்கிலேயக் கார்கள்.

அவை ஏன் இங்கே எஞ்சின என்பதைச் சொல்லியாக வேண்டும். 1990 யூனில் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டின் மீது பொருளாதாரத் தடை விழுந்தது. பெற்றோல் வரவில்லை. மின்சாரம் இல்லை. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட காலம் அது. அப்போது ஒஸ்ரின்களும் மொறிஸ்களும் மண்ணெண்ணெயில் ஓடின. சின்னஞ்சிறு போத்தலிலிருந்து சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் பீச்சி எஞ்சினை எழுப்புவார்கள். அது சூடேறியதும் மண்ணெண்ணெயை விடுவார்கள்.

இது மந்திரமன்று. மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. அமுக்கம் கூடினால் உரிய வேளைக்கு முன்னரே தீப்பற்றி எஞ்சினை இடிக்கும். ஐம்பதுகளின் ஆங்கிலேய எஞ்சின்களில் அமுக்க விகிதம் ஏறக்குறைய 7க்கு 1. ஆகையால் அவை தாங்கின. ஆனால் விலையும் கொடுத்தன. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் வளையங்களைத் தாண்டி இறங்கி எஞ்சின் ஒயிலை நீர்க்கச் செய்தது. பிளக்குகள் கரி பிடித்தன. பேரிங்குகள் தேய்ந்தன. அவ்வாறு ஓய்ந்துபோன எஞ்சின்களின் இடத்தில் கிடைத்ததைப் பூட்டினார்கள் எமது கராஜ்காரர்கள். யப்பானிய எஞ்சின் ஒன்றை ஆங்கிலேயக் காருக்குள் இருத்துவதற்கு வேண்டிய தாங்கிகளைப் படமோ அளவுப் புத்தகமோ இன்றி வெட்டி ஒட்டிய மனிதர்கள் அவர்கள்.

இனித் தெரிவுக்கு வருவோம். 1952 முதல் 1954 வரை வெளிவந்த ஒஸ்ரின் ஏ40 சொமசெற் தனியான அடிச்சட்டம் உடையது, ஒட்டுவேலைக்கு இலகுவானது. ஆனால் ஒரு தொன்னை நெருங்கும் உருண்டையான உடம்பு. வளைவில் படகு போலச் சரியும். ஏ55 கேம்பிரிட்ஜ் அதனிலும் பாரமானது. குடும்பத்தை ஏற்றிச் செல்லச் சிறந்த கார், வேகத்துக்கு உகந்ததன்று.

மொறிஸ் மைனர் வேறு இனம். அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வெளிவந்த அதன் எடை ஏறக்குறைய 775 கிலோ. பற்தண்டு வகைச் சுக்கான் அந்நாளிலேயே அதற்கு வாய்த்திருந்தது. 1956இல் அதற்குள் வந்த 948 சீ.சீ. எஞ்சினின் கூடப்பிறப்புத்தான் 1958இல் ஒஸ்ரின் ஹீலி ஸ்பிறைற் என்ற விளையாட்டுக் காரையும் ஓட்டியது. ஆக, எமது ஊர்களில் ஆசிரியர்களும் லிகிதர்களும் ஓட்டித் திரிந்த அடக்கமான மைனர், ஒரு விளையாட்டுக் காரின் நெருங்கிய உறவு.

அதற்குள் பூட்டுவதற்கு நிசான் சனியின் 1171 சீ.சீ. எஞ்சினைப் பலரும் நாடுகின்றனர். அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் மைனர் பிரியர்கள் நெடுங்காலமாகச் செய்துவருவதும் இதுவே. இதில் சுவையான செய்தி ஒன்றுண்டு. 1952இல் ஒஸ்ரின் நிறுவனத்துடன் உடன்படிக்கை செய்து ஏ40 சொமசெற்றையும், பின்னர் ஏ50 கேம்பிரிட்ஜையும் யப்பானில் பொருத்தியே நிசான் தொழில் பழகியது. 1957இல் டட்சனுக்கு வந்த ஒரு லீற்றர் எஞ்சினும் ஒஸ்ரினின் ஒன்றரை லீற்றர் எஞ்சினைச் சிறிதாக்கியதுதான். ஆதலால் பழைய ஆங்கிலேயக் காருக்குள் நிசான் எஞ்சின் ஏறுவதைக் கலப்பு என்று குறை சொல்ல முடியாது. மாணாக்கன் ஆசிரியர் வீட்டுக்குத் திரும்பி வருவது போன்றது அது.

வாங்குமுன் பார்க்கவேண்டியவை மூன்று. முதலாவது, துரு. எமது காற்றில் உப்புண்டு. மைனரின் முன்சக்கரங்களைத் தாங்கும் முறுக்குத் தண்டுகளின் பின்முனைகள் காரின் நடுவே உள்ள குறுக்குச் சட்டத்தில் பூட்டப்பட்டுள்ளன. அந்தச் சட்டம் அரித்திருந்தால் வெளிப்பூச்சு எவ்வளவு மினுங்கினாலும் திரும்பிப் பாராமல் வந்துவிட வேண்டும். இரண்டாவது, தடுப்பு. நான்கு சக்கரங்களிலும் பழைய பீப்பாய்த் தடுப்புகளை வைத்துக்கொண்டு எஞ்சின் வலுவை மட்டும் கூட்டுவது தற்கொலைக்குச் சமம். முன்சக்கரங்களுக்கேனும் தட்டுத் தடுப்பு வேண்டும். மூன்றாவது, பத்திரம். எஞ்சின் இலக்கமும் அடிச்சட்ட இலக்கமும் பதிவுப் புத்தகத்துடன் பொருந்த வேண்டும். மாற்றிய எஞ்சினை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவு செய்யவும் வேண்டும். எத்தனையோ இடப்பெயர்வுகளில் பத்திரங்களைத் தொலைத்த ஊரில் இது சிறிய காரியமன்று.

இரண்டு மைனர்களைப் பார்த்தோம். வடமராட்சியில் நின்றது பிறந்தபோது பூட்டிய எஞ்சினுடன் இன்றும் ஓடுவது. துருவும் இல்லை. தென்மராட்சியில் நின்றதற்கு எஞ்சினே இல்லை. உடம்பிலும் ஒட்டுவேலை உண்டு. ஆனால் குறுக்குச் சட்டம் உறுதியாக இருந்தது. பத்திரமும் இருந்தது. மருமகனின் கண் இயல்பாகவே முதலாவதில் விழுந்தது.

அதன் உரிமையாளர் எண்பதைக் கடந்த ஓர் அம்மா. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்திலிருந்து சனம் பெயர்ந்தபோது, கோப்பாய் உறவினர் வீட்டிலிருந்த அவரையும் அவரது மாமியாரையும் நாவற்குழிப் பக்கம் கொண்டுவந்து சேர்த்தது அந்தக் கார். எஞ்சினைக் கழற்றப்போவதை மருமகன் மறைக்காமல் சொன்னார். அம்மா வருந்தவில்லை. “ஓடினால் சரிதானே, தம்பி. நிண்டு துருப்பிடிக்கிறதுக்கோ கார்?” என்றார்.

அவரது சொல்லில் நியாயம் உண்டு. மாற்றத்தினாலேயே உயிர் பிழைத்த கார்களின் ஊரில், மாற்றாதே என்று சொல்ல எவருக்கு உரிமை? ஆயினும் நான் மருமகனிடம் சொன்னேன்: “அந்தக் காலத்தில் எஞ்சின் மாத்தினவை வேறு வழி இல்லாமல் மாத்தினவை. உமக்கு வழி இருக்குது. தடைக் காலத்தையும் தாண்டி வந்த எஞ்சினைக் கழற்றிப் போட்டால், அதைத் திரும்ப எங்கே தேடுவீர்?”

அவர் மூன்று நாள் யோசித்தார். பின்னர் தென்மராட்சிக் காருக்கு முற்பணம் கொடுத்தார். ஒட்டுவேலைச் செலவு கூடுதலாகும் என்பதை அறிந்தே கொடுத்தார்.

ஆகவே கேட்பவர்களுக்கு எனது விடை இது: மொறிஸ் மைனர், அதிலும் எஞ்சினை ஏற்கெனவே இழந்த மைனர். அப்படிப்பட்டவை குடாநாட்டில் இன்னும் நிற்கின்றன. ஓடுகின்ற எஞ்சின் உள்ளதை வாங்குபவர், அதை உள்ளபடியே ஓட்டட்டும்.