மந்தைக் கவியும் சிம்பனி மண்டபமும்

கறுப்புக் கோட்டு அணிந்த எண்பது கலைஞர்கள் வயலினும் குழலும் ஏந்தி அமர்ந்திருக்க, அவர்கள் நடுவே அகன்ற தொப்பியோடு ஒரு கௌபாய் நின்று தான் கட்டிய கவிதையைச் சொல்கிறான். இத்தகைய நிகழ்ச்சிகள் அமெரிக்க நாட்டில் நடந்ததுண்டு. இதை விடுதியில் நான் சொன்னபோது நண்பர் ஒருவர் சிரித்தார். "மாடு மேய்ப்பவனுக்குச் சிம்பனியா?" என்றார். அச்சொல் என்னைத் தைத்தது. என் பாட்டனாரும் மாடு மேய்த்தவரே.

கௌபாய் கவிதை ஏட்டில் பிறந்ததன்று. 1865-இல் உள்நாட்டுப் போர் முடிந்த பின், டெக்ஸாஸிலிருந்து கான்ஸாஸ் ரயிலடிகளுக்கு மாட்டு மந்தைகளை நூற்றுக்கணக்கான மைல் ஓட்டிச் சென்றார்கள். இரவில் மந்தை மிரளாதிருக்க, காவல் இருப்பவர்கள் மெல்லப் பாடியபடி சுற்றி வருவார்கள். தீ மூட்டிக் குளிர் காயும்போது கதையும் கவியும் சொல்வார்கள். முள்கம்பி வேலியும் ரயில் பாதையும் பரவின. அந்த நெடும் பயணம் மறைந்தது. கவிதையோ மறையவில்லை. 1985-இல் நெவாடா மாநிலத்து எல்கோ நகரில் கௌபாய் கவிஞர்கள் ஒன்று கூடினர். அக்கூட்டம் இன்றும் தொடர்கிறது.

சிம்பனி இசைக்கும் இவர்கள் அயலாரல்லர். புரூக்ளினில் பிறந்த ஏரன் கோப்லாண்ட், 'பில்லி த கிட்' (1938), 'ரோடியோ' (1942) என்னும் பாலே நாட்டியங்களுக்கு இசை அமைத்தபோது கௌபாய் பாடல்களின் மெட்டுகளை எடுத்தாண்டார். மெட்டு மண்டபத்துக்குள் வந்துவிட்டது; பாடியவன் மட்டும் வாசலில் நின்றான். அவன் தன் குரலோடும் தன் சொல்லோடும் உள்ளே வருவதன்றோ பெரிது!

வந்தால் போதுமா? அவன் குரல் கேட்க வேண்டாமா? நான் பௌதிகம் பயில்பவன். கணக்குப் போட்டுப் பார்த்தேன். சாதாரணப் பேச்சின் ஒலி சுமார் 60 டெசிபெல். முழு வாத்தியக் குழுவும் முழங்கினால் 90-ஐத் தாண்டும். இந்த 30 டெசிபெல் வேறுபாடு, ஒலிச் செறிவில் ஆயிரம் மடங்கு! ஒலிபெருக்கி ஓரளவு உதவும். ஆனால் கவிஞன் நிறுத்தும் இடமும், மூச்சு வாங்கும் இடமும், குரல் தழுதழுக்கும் இடமும் முழக்கத்தில் அமிழ்ந்துவிடும்.

வழி என்ன? 1942-இல் இயற்றிய 'லிங்கன் போர்ட்ரெய்ட்' என்னும் படைப்பில் கோப்லாண்டே அதைக் காட்டியிருக்கிறார். அதில் வாத்தியங்கள் நெடுநேரம் ஒலித்த பிறகே பேசுபவர் வாய் திறக்கிறார். அவர் பேசும்போது வாத்தியங்கள் பெரும்பாலும் அடங்கி நிற்கின்றன. எண்பது பேர் தங்கள் ஆற்றலை அடக்கிக்கொண்டு ஒருவனுக்குச் செவி கொடுப்பதே மரியாதை. எளியவனை மேடை ஏற்றினால் மட்டும் மரியாதை ஆகிவிடாது.

நண்பர்களே! நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் கச்சேரிக்கு இடம் தருகிறோம். ஊர் விட்டு வந்த நம்மிடையே, ஏற்றப்பாட்டைத் தாத்தா வாயிலாகக் கேட்டு மனத்தில் வைத்திருப்பவர் ஒருவரேனும் இருப்பார். அவரையும் அழைப்போம். அவர் பாடும்வரை மிருதங்கம் சற்றே காத்திருக்கட்டும்.