எங்கள் மொரிஸ் மைனருக்கு எந்த சொக்?



"என்ன சேர், கார் கப்பல் மாதிரி ஆடுது" என்று டவுனில் கேட்ட எல்லாருக்கும் சேர்த்து இந்தப் பதில். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பின்பக்க சொக் இரண்டும் ஓயில் கசிந்து வற்றிவிட்டன. முன்னால் இருப்பவையும் களைத்துவிட்டன. காரின் ஒரு மூலையை அமுக்கி விட்டால் மேலே வந்து அடங்க வேண்டும். எங்களுடையது மூன்று தரம் ஆடியது. மாதாமாதம் உம்மாவை பதுளை கிளினிக்குக் கூட்டிப் போவதும் இந்தக் காரில்தான். அதனால் தள்ளிப்போட முடியவில்லை.

"எல்லாத்தையும் கழட்டிட்டு வேன் சொக் நாலு அடிப்போம்" என்றார் பாஸ். செலவு குறைவு, ஒரு நாள் வேலை. நாங்கள் வேண்டாம் என்றோம். காரணம் இதுதான்.

1948இல் அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து வந்த இந்தக் காரில் இன்று நாம் காணும் நீளக் குழாய் சொக் இல்லை. ஓர் இரும்புப் பெட்டி, உள்ளே ஓயிலும் பிஸ்டனும், வெளியே ஒரு லீவர். முன்பக்கம் அந்த லீவரேதான் சில்லின் மேல்பக்கத்தைப் பிடித்திருக்கிறது. அதைக் கழற்றினால் சில்லு சாய்ந்துவிடும். முன்னுக்குக் குழாய் சொக் போடுகிறவர்களில் பலரும் பழைய லீவரை அப்படியே விட்டுத்தான் போடுகிறார்கள்.

மலை ரோட்டுக்கு இறுக்கமான சொக்தான் நல்லது என்று தம்பி வாதாடினான். சொக் இருப்பது சொகுசுக்கு மட்டுமல்ல, ரயரை ரோட்டிலிருந்து கிளம்பவிடாமல் பிடிக்கவும்தான். பெரகலைக்கு இறங்கும் வளைவில், பிரேக் பிடிக்கும்போது கிடங்கில் விழுந்து சில்லு துள்ளினால், அந்த நொடியில் பிரேக்கும் இல்லை, ஸ்டியரிங்கும் இல்லை. சொக் செத்திருந்தாலும் துள்ளும், அளவுக்கு மீறி இறுகியிருந்தாலும் துள்ளும். இது முக்கால் தொன் சொச்சம் எடையுள்ள கார். பாரமான வேனின் சொக்கைப் பூட்டினால் அடி முழுவதும் பொடிக்குத்தான் போகும். நம் ஊர் மழையிலும் பனியிலும் நனைந்த பழைய தகரம் எவ்வளவு தாங்கும்?

ஆகவே லீவர் சொக்தான் என்று முடிவெடுத்து பஞ்சிகாவத்தைக்குப் போனோம். புதுசாகப் பெயின்ட் அடித்ததைக் கண்டு மயங்காதீர்கள். லீவரை மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் சீராக, மெதுவாகப் போக வேண்டும். நடுவில் சட்டென்று இலேசானால் ஓயில் குறைவு, அல்லது வால்வு பழுது. பக்கவாட்டில் ஆடினால் உள்ளே தேய்ந்திருக்கிறது, தொடவே வேண்டாம். ஓயில் விடும் மூடியைச் சுற்றித் துடைத்த பிறகுதான் திறக்க வேண்டும், ஒரு மண் விழுந்தாலும் வால்வு போய்விடும். சொக்குக்கென்றே உள்ள மெல்லிய ஓயிலைத்தான் விட வேண்டும். பிரேக் ஓயில் கூடவே கூடாது. கெட்டியான என்ஜின் ஓயில் விட்டால் அப்புத்தளைக் குளிரில் விடியக்காலை கல்லாகிவிடும்.

பின்பக்கத்துக்கு நல்ல சோடி ஒன்று கிடைத்தது. ஒன்றை மட்டும் மாற்றக்கூடாது, இடமும் வலமும் சேர்த்துத்தான். முன்பக்கத்தவை இரண்டையும் திருத்தக் கொடுத்திருக்கிறோம். பாஸ் சொன்னதைவிட இரண்டு மடங்குக்கு மேல் செலவு. தம்பி இன்னும் முறைத்துக்கொண்டுதான் இருக்கிறான்.

ஊரில் யார் வீட்டுப் பின்புறத்திலாவது மைனர் சொக் கிடந்தால், பழைய இரும்புக்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். கசிந்தாலும் பரவாயில்லை, உள்ளே தேயாமல் இருந்தால் திருத்தலாம். எங்களுக்கு ஒரு மெசேஜ் போடுங்கள், வந்து பார்க்கிறோம்.